ஃபுத்தென்மாவுக்கு மாற்று ஹெனோகோ: மதிப்பீட்டு அறிக்கையில் விடுபட்ட பக்கங்கள்

படைத்தளத்துக்கும் ஊருக்கும் நடுவே நிலம் கைமாறும்போது எழுதப்படும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை கிடைத்தால், பொருளடக்கத்தில் முதலில் தேட வேண்டியது ஒன்று உண்டு. படை விட்டுப்போகும் நிலத்துக்கு அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறதா? படைக்குப் புதிதாகப் போகும் இடத்தைப் பற்றித்தான் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். திரும்பி வரும் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய எத்தனை வருஷம், யார் செலவு என்பதெல்லாம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போய்விடும். ஜப்பானின் ஒக்கினாவா மாகாணத்தில் நடந்தது அதுதான். மதிப்பீடு செய்த பக்கத்திலும் சரியாகச் செய்யவில்லை.

ஒக்கினாவாவின் கினோவான் நகரத்தின் நட்டநடுவில் 476 ஹெக்டேரில் இருக்கிறது அமெரிக்க மரைன் படையின் ஃபுத்தென்மா விமானத்தளம். அதன் ஓடுபாதை 2,740 மீட்டர். வேலியைச் சுற்றி வளையம் போல வீடுகளும் பள்ளிகளும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் கட்டடமே இருக்கக் கூடாத பகுதியைக் கிளியர் ஸோன் என்பார்கள். அமெரிக்கப் படை தன் நாட்டில் கடைப்பிடிக்கும் விதி அது. ஃபுத்தென்மாவின் கிளியர் ஸோனுக்குள் சுமார் 800 வீடுகள், 18 பொது இடங்கள், 3,600 பேர். 2004 ஆகஸ்ட் 13 அன்று பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. 2017 டிசம்பர் 13 அன்று 7.7 கிலோ எடையுள்ள ஹெலிகாப்டர் ஜன்னல், வேலியை ஒட்டிய தொடக்கப்பள்ளி மைதானத்தில் விழுந்தது. பிள்ளைகள் அப்போது மைதானத்தில்தான் இருந்தார்கள்.

எனவே தளம் அங்கிருந்து போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. 1996-இல் ஜப்பானும் அமெரிக்காவும் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் நிலத்தைத் திருப்புவதாக அறிவித்தன. ஆனால் மாற்றிடம் ஒக்கினாவாவுக்குள்ளேயே வேண்டும் என்பது நிபந்தனை. 2006 மே மாதம் இரு அரசுகளும் முடிவு செய்த வரைபடத்தில், நாகோ நகரத்தின் கிழக்குக் கரையில், ஹெனோகோ முனையை ஒட்டிக் கடலை நிரப்பி ‘வி’ வடிவத்தில் இரண்டு ஓடுபாதைகள். நிரப்பும் பரப்பு இன்றைய கணக்கில் சுமார் 152 ஹெக்டேர். ஒரு நகரத்துக்கு நிலம் திரும்பும், இன்னொரு நகரத்தின் கடல் போகும்.

இந்தத் தேதி முக்கியம். மதிப்பீட்டின் முதல் ஆவணம் 2007 ஆகஸ்டில்தான் வந்தது. இடம், வடிவம், ஓடுபாதையின் கோணம் எல்லாம் அதற்கு ஒரு வருஷம் முன்பே இரண்டு தலைநகரங்களில் கையெழுத்தாகிவிட்டன. மாற்று வழிகளை ஒப்பிடுவதுதான் எந்த மதிப்பீட்டுக்கும் உயிர்நாடி. இங்கே ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. திட்டமிடும் கட்டத்திலேயே இடத்தேர்வைப் பரிசீலிக்க வேண்டும் என்ற திருத்தம் ஜப்பானியச் சட்டத்தில் 2011-இல் சேர்ந்தது, 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஹெனோகோ அதற்குள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

ஜப்பானிய முறையில் மூன்று ஆவணங்கள். எதை, எப்படி, எவ்வளவு காலம் அளக்கப் போகிறோம் என்று சொல்லும் முறை ஆவணம் முதலில். அளந்த முடிவுகளோடு வரைவு அறிக்கை அடுத்தது. இறுதி அறிக்கை மூன்றாவது. மூன்றையும் எழுதுவது திட்டத்தைக் கொண்டுவரும் தரப்பேதான். இங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒக்கினாவா அலுவலகம். முதல் இரண்டு ஆவணங்களும் ஒரு மாதம் பார்வைக்கு வைக்கப்படும், அதன் பின் இரண்டு வாரம் வரை யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். இறுதி அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. மாகாண ஆளுநர் மட்டும் கருத்து எழுதுவார். இந்த ஆளுநர் நம்மூர் ஆளுநர் போல நியமனம் ஆனவர் அல்ல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 50 ஹெக்டேருக்கு மேல் கடலை நிரப்பினால் தேசியச் சட்டத்தின்படி மதிப்பீடு கட்டாயம். ஆனால் விமான நிலையத்துக்கு அதே கட்டாயம் ஓடுபாதை 2,500 மீட்டர் இருந்தால்தான். ஹெனோகோ ஓடுபாதை, இரு முனை நீட்டிப்பையும் சேர்த்து, 1,800 மீட்டர். அதனால் நிரப்பு வேலை தேசியச் சட்டத்தின் கீழும், விமானத்தளம் மாகாண விதியின் கீழும் போயின. ஒரே திட்டத்துக்கு இரண்டு தடம், இரண்டு கெடு. ஆட்சேபணை எழுதுபவர் எந்தக் குறையை எந்தத் தடத்தில் எழுதுகிறோம் என்று பிரித்து எழுத வேண்டும். இரைச்சலைப் பற்றி நிரப்புத் தடத்தில் எழுதினால் அது இந்த விவகாரத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கப்படலாம்.

இப்போது ஆவுளியா. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்றும் மற்றவர்கள் கடல்பசு என்றும் சொல்லும் அதே விலங்குதான் ஒக்கினாவாவிலும் வாழ்ந்தது. தமிழ்நாடு அரசு அதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக 2022-இல் அறிவித்தது. ஒக்கினாவாவில் அது 1972 முதல் தேசிய இயற்கைச் சின்னம். மதிப்பீட்டுக் கணக்கெடுப்பில் மூன்றே மூன்று தென்பட்டன. ஏ, பி, சி என்று பெயர் வைத்தார்கள்.

ஆவுளியாவை எண்ணுவது சிரமமான வேலை. ஆளரவம் இருந்தால் வராது. பெரும்பாலும் இரவில் மேயும். நம்பத்தக்க தடயம் அது விட்டுப்போகும் மேய்ச்சல் தடம்: கடற்புல்லை வேரோடு தின்றுகொண்டே முன்னேறும், மணலில் ஒரு சாண் அகலத்துக்கு வளைந்து வளைந்து பள்ளம் விழும். சில நாளில் மணல் மூடிவிடும். எனவே அந்தக் கடற்புல் திட்டை அடிக்கடி, அமைதியாக, பல பருவங்களில் பார்க்க வேண்டும். இங்கே என்ன செய்தார்கள்? முறை ஆவணமே வெளியாகும் முன், 2007 மே மாதத்தில், கடலுக்கடியில் ஒலி வாங்கிகளையும் கேமராக்களையும் பொருத்தும் வேலையைத் தொடங்கினார்கள். கடற்படைக் கப்பல் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். எப்படி அளப்பது என்று ஊரைக் கேட்கும் முன்பே அளக்கத் தொடங்கியாயிற்று. அடிப்படை நிலை என்று பதிவாகும் நிலையே கலைந்த நிலை. பிறகு ‘இங்கே அதிகம் வருவதில்லை’ என்று எழுதுவது எளிது. 2014-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் கடலில் இறங்கிப் பார்த்தபோது, நிரப்பவிருந்த பகுதியிலும் அதை ஒட்டியும் நூற்றுக்கு மேற்பட்ட மேய்ச்சல் தடங்கள் இருந்தன.

சி கடைசியாகத் தென்பட்டது 2015 ஜூனில். ஏ 2018 செப்டம்பரில். பி 2019 மார்ச்சில் இறந்து மிதந்தது. திருக்கை முள் குத்தியது காரணம் என்று உடற்கூறு ஆய்வு சொன்னது. வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதுதான் அரசின் நிலை. அடிப்படை நிலை ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் அந்தக் கூற்றைச் சரிபார்க்கவாவது முடிந்திருக்கும்.

திட்டத்தை எதிர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் ஒரு வழி முயன்றார்கள். அந்த நாட்டின் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வெளிநாட்டுத் தளத்துக்கு எளிதில் எட்டாது. ஆனால் அதன் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 402-ஆம் பிரிவு, பிற நாட்டின் சின்னப் பட்டியலில் உள்ளவற்றையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆவுளியா ஜப்பானின் சின்னப் பட்டியலில் இருப்பதால், 2003-இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு. 2008-இல் பாதுகாப்புத் துறை சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தப் பிரிவு ‘கருத்தில் கொள்’ என்கிறதே தவிர, ‘நிறுத்து’ என்று சொல்லவில்லை. 2014-இல் துறை தன் ஆய்வை முடித்து, பாதிப்பில்லை என்று எழுதிக்கொண்டது. 2020-இல் மேல்முறையீட்டிலும் துறையே வென்றது. நடைமுறைச் சட்டத்தை நம்பி வழக்குப் போடுபவர்கள் இந்த வரம்பைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அடுத்தது விமானம். முறை ஆவணத்திலும் 2009 வரைவு அறிக்கையிலும் இரைச்சல் கணக்கு அப்போதிருந்த ஹெலிகாப்டர்களை வைத்து. ஆஸ்ப்ரே விமானத்தின் பெயரே இல்லை. அது ரோட்டரைச் சாய்த்து விமானமாகவும் பறக்கும் வேறு ரகம், அதன் தாழ் அதிர்வெண் ஒலியும் கீழ்நோக்கி வீசும் காற்றும் வேறு. ஆஸ்ப்ரே வரும் என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே இருந்தது. ஆனால் அது ஆவணத்துக்குள் வந்தது இறுதி அறிக்கையில்தான், அதாவது மக்கள் கருத்துச் சொல்லும் கதவு மூடிய பிறகு. எந்த மதிப்பீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: வரைவையும் இறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘திட்ட விவரம்’ என்ற அத்தியாயத்தை மட்டும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இயந்திர வகை, நாளொன்றுக்கு எத்தனை முறை, எந்த நேரம், எவ்வளவு மண், எங்கிருந்து மண். இறுதியில் புதிதாக முளைத்தது எதுவோ அதுதான் சண்டைக்குரிய விஷயம்.

அந்த இறுதி அறிக்கை, ஏறத்தாழ 7,000 பக்கம், 2011 டிசம்பர் 28 அதிகாலை நான்கு மணி வாக்கில் மாகாண அலுவலகத்துக்குள் பெட்டி பெட்டியாக இறக்கப்பட்டது. முந்தைய நாள் பகலில் வாசலில் மக்கள் நின்று மறித்ததால் அந்த நேரம். மாகாணம் சும்மா விடவில்லை. விமானத்தளத் தடத்தில் 175, நிரப்புத் தடத்தில் 404, மொத்தம் 579 குறைகளை எழுதியது. அறிக்கையில் சொல்லும் நடவடிக்கைகளால் மக்கள் வாழ்வையும் இயற்கையையும் காக்க முடியாது என்று ஆளுநரின் கருத்து நேரடியாகவே சொன்னது. அதே ஆளுநர் 2013 டிசம்பர் 27 அன்று நிரப்பு வேலைக்கு அனுமதி கொடுத்தார். மதிப்பீட்டுக் கருத்து ஒன்று, 1921-ஆம் ஆண்டு நிரப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேறொன்று. முதலாவது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இரண்டாவதைத் தானாகக் கட்டுப்படுத்தாது.

இதில் எல்லாம் பெரியது கடலடி மண். ஹெனோகோ முனையை ஒட்டிய ஓவுரா வளைகுடாவின் உட்பகுதி சட்டென்று ஆழமாகும். அங்கே நிற்கப் போகும் கரைச்சுவரின் அடியில் என்ன மண் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் துளையிட்டுப் பார்க்க வேண்டும். துளைக்குள் இறக்கிய குழாயின் மேல் 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு அடிப்பார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்பதே மண்ணின் உறுதிக்கு முதல் அளவு. நம்மூரில் அடுக்குமாடி கட்டும் மனையில் செய்யும் அதே சோதனைதான். ஓவுராவில் பல இடங்களில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். அடிக்கவே வேண்டாம், சுத்தியலின் பாரத்திலேயே குழாய் தானாக இறங்கிவிடும். ஜப்பானியப் பத்திரிகைகள் மயோனைஸ் என்று எழுதின. நம் பேச்சில் சொன்னால் உளை.

இது எப்போது தெரிந்தது? முழு அளவிலான துளைச் சோதனை 2014-இல், அனுமதி கிடைத்த பிறகுதான் தொடங்கியது. 2016-இல் முடிவு அறிக்கையாக வந்தது. தகவல் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு 2018 மார்ச்சில் கிடைத்தது. அரசு ஒப்புக்கொண்டது 2019 ஜனவரியில். அதற்கு ஒரு மாதம் முன்பே, 2018 டிசம்பர் 14 அன்று, ஆழமில்லாத தெற்குப் பக்கத்தில் மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். பாதி வேலை நடந்துவிட்டால் மீதியை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்ற கணக்கு இதில் இருக்கிறது என்பதே என் கருத்து.

பி-27 என்று குறிக்கப்பட்ட இடத்தில் 30 மீட்டர் தண்ணீர், அதற்கடியில் 60 மீட்டர் இளகிய மண். கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர். மண்ணைக் கெட்டிப்படுத்தும் கப்பல்கள் எட்டக்கூடியது 70 மீட்டர்தான். மீதி 20 மீட்டரை அப்படியே விடுகிறார்கள், அங்கே களிமண் போதிய உறுதி என்பது அரசின் வாதம். ஆனால் அந்த உறுதியை அந்த இடத்திலேயே அளக்கவில்லை. வேறு மூன்று இடங்களின் எண்களிலிருந்து கணித்தார்கள், அவற்றில் ஒன்று 750 மீட்டர் தள்ளி இருக்கிறது.

கெட்டிப்படுத்தும் முறை இது: குழாயைக் கடலடி மண்ணுக்குள் இறக்கி, மணலை நிரப்பி, அமுக்கிக்கொண்டே மேலே எடுப்பது. மணல் தூண் நிற்கும், சுற்றியுள்ள சேறு நெருக்கப்பட்டு நீரை இழக்கும். அப்படி சுமார் 71,000 தூண்கள். நெருக்கும்போது கடலடி மேலே புடைக்கும், சேறு கலங்கும். அக்கம்பக்கத்தில் பவளம் இருக்கிறது, 5,000-க்கு மேற்பட்ட உயிரினங்கள் பதிவான வளைகுடா அது. 2013 வரையிலான எந்த ஆவணத்திலும் இந்த வேலையின் பாதிப்பு மதிப்பிடப்படவில்லை. 2020-இல் வடிவமைப்பு மாற்றத்துக்கு விண்ணப்பித்தபோதும் புதிதாக மதிப்பீடு செய்யவில்லை. நிரப்பும் பரப்பு கூடவில்லை, எனவே பாதிப்பு முன்பு கணித்த அளவுக்குள்தான் என்று தாங்களே அமைத்த நிபுணர் குழு முன் ஒப்பிட்டுக் காட்டினார்கள். செலவு 35,000 கோடி யென் என்ற முதல் கணக்கிலிருந்து 93,000 கோடியாக ஏறியது. 2019 பிப்ரவரி மாகாண வாக்கெடுப்பில் 72 சதவீதம் எதிர்ப்பு. 2021 நவம்பரில், பின்னால் வந்த வேறு ஆளுநர் மாற்றத்தை நிராகரித்தார். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மாகாணம் தோற்றது, டிசம்பர் 28 அன்று ஆளுநருக்குப் பதிலாக மத்திய அமைச்சரே அனுமதி கொடுத்தார்.

நிரப்பும் மண்ணையும் கவனிக்க வேண்டும். அனுமதி ஆவணத்தில் நுண்துகள் அளவு 10 சதவீதம் வாக்கில் என்று இருந்தது. வேலை ஒப்பந்தத்தில் 40 சதவீதம் வரை ஏற்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நுண்துகள் கூடினால் தண்ணீர் செம்மண் கலங்கலாகி நாள்கணக்கில் தெளியாது, பவளத்தின் மேல் படியும். மாற்றத் திட்டத்தில் மண் எடுக்கும் இடங்களாகத் தீவின் தெற்குப் பகுதியும் சேர்ந்தது. 1945 போரில் இறந்தவர்களின் எலும்புகள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கும் மண் அது. இதற்கு அளவுகோல் எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் இல்லை, ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

சரி, மறுபக்கம். கினோவானுக்குத் திரும்பி வரும் 476 ஹெக்டேர். ஒக்கினாவாவில் அமெரிக்கப் படை நிலத்தைத் திருப்பும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை அதற்குக் கிடையாது. படைகளின் நிலை பற்றிய ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சுத்தம் செய்து உரிமையாளர்களிடம் ஒப்படைப்பது ஜப்பானிய அரசின் பொறுப்பு. 2015-இல் வந்த கூடுதல் உடன்பாட்டின்படி, திரும்பும் தேதிக்கு முன் 150 வேலை நாளுக்கு மிகாமல்தான் உள்ளே போய் ஆய்வு செய்ய அனுமதி. எரிபொருள் தொட்டி, தீயணைப்புப் பயிற்சித் திடல், பழைய குப்பைக் குழி எல்லாம் உள்ள ஒரு தளத்துக்கு இது போதவே போதாது. நிலத்தடி நீரில் மழைக்கால அளவும் வறண்ட கால அளவும் எடுக்கவே ஒரு முழு வருஷம் வேண்டும்.

சிறிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கு ஃபுத்தென்மா குடியிருப்புப் பகுதி, 51 ஹெக்டேர், 2015 மார்ச்சில் திரும்பியது. சுத்தம் செய்து உரிமையாளர் கைக்குப் போக 2018 மார்ச் ஆனது. அது வீடுகள் இருந்த இடம், ஓடுபாதை இருந்த இடமல்ல. அமெரிக்க விமானப்படையின் கடேனா தளத்திடமிருந்து முன்பே திரும்பிய நிலத்தில் அமைந்த கால்பந்து மைதானத்தில் 2013 முதல் தோண்டத் தோண்ட ரசாயனப் பீப்பாய்கள், மொத்தம் 108. வடக்குப் பயிற்சிக்காட்டில் 2016 டிசம்பரில் சுமார் 4,000 ஹெக்டேர் திரும்பியது, மாற்றாக ஆறு ஹெலிகாப்டர் இறங்குதளங்கள். ஒரு வருஷத்தில் சுத்தம் முடிந்ததாக ஒப்படைத்தார்கள், பின்பும் தோட்டா உறைகளும் உணவுப் பொட்டலங்களும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

கினோவானில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். மேலே துளைகள் நிறைந்த சுண்ணாம்புப்பாறை, அடியில் நீர் புகாத களிப்பாறை. தளத்தின் மேல் விழும் மழை குகைகள் வழியாக இறங்கி, களிப்பாறையில் முட்டி, மேற்குச் சரிவில் ஊற்றாக வெளிவருகிறது. ஓயாமா வயல்களில் அந்தத் தண்ணீரில்தான் சேம்பு விளைகிறது. 2020 ஏப்ரல் 10 அன்று தளத்தின் விமானக் கொட்டகையில் தீயணைப்பு நுரை கொட்டியது. ஏறத்தாழ 2,27,000 லிட்டர், அதில் சுமார் 1,44,000 லிட்டர் வேலிக்கு வெளியே போனது. தெருவில் நுரை பறந்தது. அந்த நுரையில் இருக்கும் பீஃபாஸ் (PFAS) ரசாயனம் மண்ணில் சிதைவதில்லை. சுற்றியுள்ள ஊற்றுகளில் ஜப்பான் 2020-இல் வைத்த தற்காலிக வரம்பான லிட்டருக்கு 50 நானோகிராமைத் தாண்டிய அளவுகள் அதற்கு முன்பிருந்தே பதிவாகியிருக்கின்றன.

இந்த நிலம் எப்போது திரும்பும்? 2013 திட்டத்தில் ‘2022 நிதியாண்டு அல்லது அதற்குப் பிறகு’ என்று இருக்கிறது, எட்டு நிபந்தனைகளோடு. ஹெனோகோ கட்டி முடிப்பது மட்டும் போதாது. நீளமான ஓடுபாதை தேவைப்படும் நேரத்தில் வேறொரு விமான நிலையம் கிடைக்க வேண்டும் என்பதும் அந்த எட்டில் ஒன்று. கடல் போன பிறகும் நிலம் வராமல் இருக்க இதுவே போதும்.

வேலிக்குள் போக 150 நாள்தான் என்றாலும் ஊற்றுகள் வேலிக்கு வெளியேதான் இருக்கின்றன. மாகாணம் கோடையிலும் குளிர்காலத்திலும் மாதிரி எடுக்கிறது. அது போதாது, மாதம் ஒரு முறை வேண்டும், ஒவ்வொரு ஊற்றிலும் ஒரே இடத்தில். மாதிரி எடுப்பவர் நீர் ஒட்டாத பூச்சுள்ள மழைக்கோட்டு அணியக் கூடாது, ஒட்டாப் பூச்சு மூடி போட்ட பாட்டில் கூடாது. அவற்றிலிருந்தே அதே ரசாயனம் மாதிரியில் கலந்துவிடும். பாலிபுரொப்பிலீன் பாட்டில், ஒவ்வொரு முறையும் சுத்த நீர் நிரப்பிய ஒரு வெற்று மாதிரி, முந்தைய மூன்று நாள் மழையளவு, ஊற்றின் ஓட்டம் நொடிக்கு எத்தனை லிட்டர். ஓட்டத்தைக் குறிக்காவிட்டால், மழைக்குப் பிறகு எண் குறைந்தது நீர் கலந்ததாலா, கசிவு நின்றதாலா என்று பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது.